கல்பாக்கத்தில் ஃபில்டர் சாம்பிள் எடுக்கப் போகிறவருக்கு

‘கல்பாக்கம் ஷட்டவுனுக்கு ஆள் தேவை. தங்குமிடம், சாப்பாடு உண்டு. இரண்டு மாத வேலை.’ இப்படி ஒரு தகவல் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுப் பையைத் தூக்கலாம். அல்லது அணுமின் நிலையத்துக்கு உள்ளே என்ன வேலை, எந்த ஃபில்டர், யார் பெயரில் பேட்ஜ் என்று கேட்டுவிட்டுக் கிளம்பலாம். இந்தக் கட்டுரை இரண்டாவது ரகத்தாருக்கு.

எண்ணூர், திருவொற்றியூர், மணலி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் அவ்வளவு அந்நியமில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலோ மணலி சுத்திகரிப்பு ஆலையிலோ தண்ணீரின் உப்பை நீக்கும் டி.எம். பிளான்ட்டில் சாம்பிள் எடுத்துப் பழகியவருக்கு ரெசின் தெரியும், காட்ரிட்ஜ் ஃபில்டர் தெரியும், பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதாத சாம்பிள் குப்பைக்குச் சமம் என்பதும் தெரியும். ஃபேப்ரிகேஷன் யார்டில் நைட் ஷிஃப்டில் வெல்டு ஜாயின்ட்டுக்கு ஆர்.டி. எனப்படும் ரேடியோகிராஃபி எடுப்பவர்களுக்கு ஹெல்ப்பராக இருந்தவர் இரிடியம்-192 சோர்ஸைப் பார்த்திருப்பார்; கயிறு கட்டி ஆட்களை விலக்கியிருப்பார்; சட்டையில் டோஸ் அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருப்பார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். கையில் பாதித் தொழில் ஏற்கெனவே இருக்கிறது.

மறக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நம் பக்கத்தில் ஆபத்தை மூக்குதான் முதலில் சொல்லும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மூக்கும் கண்ணும் எரிந்துதான் சனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். கதிர்வீச்சு மணக்காது, எரியாது, சுடாது. மூக்கு செய்த வேலையை இங்கே மீட்டர்தான் செய்ய வேண்டும். மீட்டர் இல்லாத இடத்தில் நிற்கக் கூடாது.

ஃபில்டரில் என்ன இருக்கிறது?

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தில் 220 மெகாவாட் கனநீர் உலைகள் இரண்டு. ஒன்று 1984-லும் மற்றது 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. எரிபொருளின் சூட்டை எடுத்துக்கொண்டு சுற்றிவரும் கனநீர், குழாய்ச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போகிறது. அந்த அரிப்புத் தூள் உலையின் நடுவே வரும்போது நியூட்ரான் பட்டுக் கதிரியக்கப் பொருளாக மாறுகிறது. வால்வுகளின் கடின உலோகப் பூச்சிலிருந்து உதிரும் கோபால்ட் அப்படித்தான் கோபால்ட்-60 ஆகிறது. எரிபொருளின் உறையில் எங்காவது ஊசித்துளை விழுந்தால் அயோடின்-131, சீசியம்-137 வகையறாவும் தண்ணீரில் வந்து சேரும். இவற்றில் கரையாமல் மிதக்கும் தூளை ஃபில்டர் பிடிக்கிறது. கரைந்திருப்பதை அதற்கு அடுத்த ரெசின் பிடிக்கிறது.

இதே மாதிரி எரிபொருள் மாற்றும் எந்திரத்தின் நீருக்கும், எரிந்து முடிந்த எரிபொருளைப் போட்டு வைக்கும் குளத்துக்கும் தனித்தனி ஃபில்டர்கள் உண்டு. காற்றுக்கு ஹெப்பா ஃபில்டர், 0.3 மைக்ரான் அளவுத் துகளில் நூற்றுக்கு 99.97-ஐப் பிடிக்க வேண்டும் என்பது அதற்கு இலக்கணம். அயோடின் ஆவிக்குக் கரி.

காற்று ஃபில்டர்தானே என்று இளக்காரம் வேண்டாம். 2021-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா தாயிச்சியில், கதிரியக்க நீரைச் சுத்திகரிக்கும் பிரிவின் காற்றுப் போக்கு ஃபில்டர்களைச் சோதித்தார்கள். 25-இல் 24 கிழிந்திருந்தன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பும் இதே போலக் கிழிந்திருந்தது தெரிந்திருக்கிறது. காரணம் தேடாமல் புது ஃபில்டரை மாட்டிவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். கழற்றிய பழையதை உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் இல்லாததுதான் கோளாறு. நீங்கள் போகும் வேலை அந்த ஆளின் வேலை.

எதற்கு சாம்பிள்?

கழற்றிய ஃபில்டரைக் கொட்டிவிட முடியாது. நம் நாட்டு முறையில் திடக் கழிவை அதன் மேற்பரப்பில் அடிக்கும் கதிர்வீச்சை வைத்துப் பிரிக்கிறார்கள். மணிக்கு 2 மில்லிகிரே வரை கல் பாவிய பள்ளம். 2-இலிருந்து 20 வரை கான்கிரீட் அகழி. 20-க்கு மேல் ‘டைல் ஹோல்’ எனப்படும் ஆழக்குழி. ஆல்ஃபா கதிர் விடும் பொருள் அதிகமாக இருந்தால் அது தனிக் கதை.

வெளியிலிருந்து மீட்டர் காட்டுவது பெரும்பாலும் காமாவை மட்டும்தான். கோபால்ட்-60, சீசியம்-137 இரண்டும் சத்தம் போட்டுத் தங்களைக் காட்டிக்கொள்ளும். ஸ்ட்ரான்ஷியம்-90, நிக்கல்-63, கார்பன்-14, புளூட்டோனியம் போன்றவை ஃபில்டரின் மடிப்புக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். சீசியம்-137-இன் அரை ஆயுள் 30 ஆண்டு; 300 ஆண்டு காத்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கார்பன்-14-க்கு அரை ஆயுளே 5,700 ஆண்டு. எதைப் புதைக்கிறோம் என்று தெரியாமல் எத்தனை காலம் காவல் காப்பது? ஆகவே ஒரு துண்டை வெட்டி, அமிலத்தில் கரைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கிறார்கள். கோபால்ட்-60 இவ்வளவு இருந்தால் நிக்கல்-63 இவ்வளவு இருக்கும், சீசியம்-137 இவ்வளவு என்றால் ஸ்ட்ரான்ஷியம்-90 இவ்வளவு என்று விகிதம் போட்டுவிட்டால், பிறகு வரும் ஃபில்டர்களை வெட்டாமல் காமாவை மட்டும் அளந்தே கணக்குச் சொல்லலாம். உலகெங்கும் புழங்கும் வழி இது, ஐ.எஸ்.ஓ. 21238 என்று இதற்கே ஒரு தரநிர்ணயம் உண்டு. விகிதம் நீங்கள் வெட்டிய துண்டைப் பொறுத்தது. துண்டு தப்பென்றால் அதற்குப் பின்னால் வரும் நூறு ஃபில்டரின் கணக்கும் தப்பு.

இன்னொரு லாபமும் உண்டு. போன ஷட்டவுனைவிட இந்த முறை கோபால்ட் கூடியிருக்கிறதா, சீசியம் தலைகாட்டுகிறதா என்பதைப் பார்த்து, குழாய் எங்கே தேய்கிறது, எரிபொருள் எங்கே ஒழுகுகிறது என்று ஊகிக்கலாம். கெமிஸ்ட்ரி செக்‌ஷனுக்கு ஃபில்டர் நல்ல உளவாளி.

2003, ஜனவரி 21

சாம்பிள் எடுக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய தேதி. இடம் அதே கல்பாக்கம். ஆனால் மின் நிலையம் இல்லை, எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையான ‘கார்ப்’பின் கழிவுத் தொட்டிப் பகுதி. பணியாளர்கள் அங்கே குறைந்த வீரியக் கழிவிலிருந்து சாம்பிள் எடுக்கப் போனார்கள். ஒரு வால்வு பழுதாகி, அதிவீரியக் கழிவு அந்தத் தொட்டிக்குள் ஏற்கெனவே இறங்கியிருந்தது. தொட்டியின் பெயர் மாறவில்லை, பதிவேட்டில் எழுதியிருந்ததும் மாறவில்லை. அந்த இடத்தில் எச்சரிக்கும் கதிர்வீச்சு மானிட்டர் இல்லை. சாம்பிள் லேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது.

ஆறு பேர் மிகையான டோஸ் வாங்கினார்கள்: 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை. ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்தான் வரம்பு. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஆண்டு வரம்பைப் போல 14 முதல் 21 மடங்கு, ஒரே வேலையில். செய்தி வெளியே வரப் பல மாதங்கள் ஆயின. ஊழியர் சங்கம் குரல் கொடுத்திராவிட்டால் இன்னும் தாமதமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

அங்கே போனவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை. ‘இது லோ லெவல்’ என்ற சொல்லை நம்பினார்கள், அவ்வளவுதான். ஃபில்டருக்கும் அதே பாடம். போன தடவை மணிக்கு 3 மில்லிசீவர்ட் இருந்தது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள். கழற்றிய ஃபில்டர் இருக்கும் ஃபிளாஸ்கின் மூடி திறக்கும் முன், திறக்கும்போது, திறந்த பின் என மூன்று முறை அளந்து எழுதாமல் கையை நீட்டக் கூடாது. நீளக் கம்பி முனையில் டிடெக்டர் வைத்த மீட்டருக்கு உள்ளே ‘டெலிடெக்டர்’ என்று பெயர். அதை இயக்குபவர் தலையாட்டிய பிறகே உங்கள் முறை. அவசரப்படுத்தும் சூபர்வைசர் எல்லா ஊரிலும் உண்டு; கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹெல்த் ஃபிசிக்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட ரேடியாலஜிகல் ஒர்க் பெர்மிட் அவருக்கும் மேல்.

வெட்டும் கலை

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது ஃபில்டர் விஷயத்தில் செல்லாது. தண்ணீர் நுழையும் பக்கம் தூள் அப்பியிருக்கும், வெளியேறும் பக்கம் சுத்தமாக இருக்கும். மடிப்பின் மேடு ஒரு மாதிரி, குழி ஒரு மாதிரி. எனவே மேல், நடு, கீழ் என்று குறைந்தது மூன்று இடத்தில், மடிப்பின் முழு ஆழத்துக்கும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் புது பிளேடு. பழைய பிளேடில் ஒட்டிய தூள் அடுத்த துண்டின் கணக்கில் ஏறிவிடும். வெள்ளைத் தாளால் மேலே துடைத்தெடுக்கும் ஸ்மியர் ஒட்டாமல் கிடப்பதை மட்டும் காட்டும். அதை சாம்பிள் என்று எழுதுவது பொய்க் கணக்கு.

துண்டு சின்னதாக இருக்கட்டும். பெரிய துண்டு கொடுத்தால் லேப் மகிழும் என்று நினைப்பது டி.எம். பிளான்ட் பழக்கம். இங்கே துண்டு பெரிதானால் உங்கள் விரலுக்கும் டோஸ், எண்ணும் கருவிக்கும் திணறல். கவுன்ட் விட்டுப்போய்க் கணக்கு குறைவாகக் காட்டும். எடை போடுங்கள். லேபிளில் ஃபில்டர் எண், எந்த சிஸ்டம், கழற்றிய தேதி, வெட்டிய தேதி, வெட்டிய இடம், தொட்டுக்கொண்டு அளந்த டோஸ், 30 சென்டிமீட்டரில் அளந்த டோஸ் எல்லாம் வேண்டும். கழற்றிய தேதி விட்டுப்போனால் அரை ஆயுள் கணக்கே போடமுடியாது. அயோடின்-131-க்கு அரை ஆயுள் 8 நாள். 80 நாள் கழித்து அளந்துவிட்டு ‘அயோடின் இல்லை’ என்று எழுதினால் அது ஃபில்டரைப் பற்றிய உண்மை ஆகாது.

உள்ளே போவதற்கு முன் பாவனை ஒத்திகை கேளுங்கள். சுத்தமான ஃபில்டரை வைத்து, அதே இடுக்கி, அதே இரட்டைக் கையுறை, அதே முகமூடியோடு நாலு தடவை வெட்டிப் பழகினால், உண்மையில் வெட்டும்போது நேரம் பாதியாகும். நேரம் பாதியானால் டோஸும் பாதி. ஒத்திகைக்கு நேரமில்லை என்று சொல்லும் இடத்தில் வேலை செய்ய எனக்குச் சம்மதமில்லை. உங்களுக்கும் இருக்கக் கூடாது.

தூரத்தின் கணக்கு இது. ஒரு மீட்டரில் மணிக்கு 2 மில்லிசீவர்ட் அடிக்கும் சின்ன சோர்ஸ், இரண்டு மீட்டரில் 0.5 ஆகிறது, அரை மீட்டரில் 8 ஆகிறது. அரை மீட்டரில் இரண்டரை மணி நேரம் குனிந்து நின்றால் ஓராண்டுச் சராசரி முழுவதும் தீர்ந்தது. ஒரு முழ நீளம் கூடுதலான இடுக்கி, பெரும்பாலான கவசங்களைவிட மேல். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் மாட்டும் ஈய ஏப்ரன் இங்கே தோள்வலிக்குத்தான் உதவும்: கோபால்ட்-60 காமாவைப் பாதியாக்கவே சுமார் 12 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். கைக்குத் தனி வரம்பு, ஆண்டுக்கு 500 மில்லிசீவர்ட். அதற்கென்று மணிக்கட்டிலோ விரலிலோ தனி பேட்ஜ் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

உடம்புக்குள் போகக் கூடாது

வெளியிலிருந்து அடிக்கும் கதிர், நீங்கள் நகர்ந்தால் நின்றுவிடும். உள்ளே போன தூள் உங்களோடு வீட்டுக்கு வரும். காய்ந்த ஃபில்டரை வெட்டும்போது தூள் பறக்கும். ஈரமான ஃபில்டரிலிருந்து டிரிட்டியம் ஆவியாகும்; அது மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நுழையும், டி.எல்.டி. பேட்ஜில் தெரியாது. சிறுநீர்ச் சோதனைதான் சொல்லும். 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா நிலையத்தில் குடிநீர் கூலரில் டிரிட்டியம் கலந்த கனநீர் சேர்ந்திருந்ததையும் அந்தச் சோதனைதான் காட்டிக்கொடுத்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அதைக் குடித்திருந்தார்கள். சாம்பிள் பாட்டில் கொடுக்க வெட்கப்பட்டு டிமிக்கி கொடுப்பவர்கள் இதை ஒரு முறை யோசிக்கவும்.

விரலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு உள்ளே போகாதீர்கள், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று பிளாஸ்டர் ஒட்டிக் கையுறைக்குள் ஒளிப்பது நம் பிள்ளைகளின் பழக்கம். பிளேடு பிடிக்கும் வேலையில் காயம் வழியே ரத்தத்துக்குப் போவதுதான் மிக மோசமான வழி. பான், ஹான்ஸ், பீடி எதுவும் உள்ளே வேண்டாம். கை வாய்க்குப் போகக் கூடாது என்பதே காரணம். பிளாஸ்டிக் சூட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடும். கழற்றும்போது அவசரப்பட்டால்தான் மேலே ஒட்டியது தோலுக்கு வரும். மாட்டுவதைவிடக் கழற்றுவதை நன்றாகப் பழகுங்கள்.

எந்த வாசல் வழியாகப் போவது?

கான்ட்ராக்டர் வழி, நிரந்தர வேலை வழி என்று இரண்டு வாசல்கள். கான்ட்ராக்டர் வழி போவது குற்றமில்லை. ஷட்டவுன் காலத்தில் அந்த ஆட்கள் இல்லாமல் எந்த நிலையமும் நடக்காது. ஆனால் கிளம்பும் முன் தெளிவாகக் கேளுங்கள்: பேட்ஜ் என் பெயரில், என் எண்ணில் வருமா? முன்பு ஆர்.டி. வேலையில் வாங்கிய டோஸ் சேர்த்துக் கணக்கிடப்படுமா? சேரும்போதும் முடிக்கும்போதும் உடல் முழுமைக்குமான கதிரியக்க அளவீடு உண்டா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. யார் கட்டுகிறார்? மழுப்பினால் அந்த மேஸ்திரியை விட்டுவிடுங்கள். டோஸ் என்பது ஆளோடு ஒட்டியது, கம்பெனியோடு அல்ல. ஊழியர்களின் டோஸ் விவரம் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் சேர்கிறது. இன்னொருவர் பேட்ஜை மாட்டிக்கொண்டு உள்ளே போவது அந்தக் கணக்கைக் கெடுக்கும். பின்னாளில் நோய் என்று வந்தால் உங்களிடம் காகிதம் இருக்காது. 18 வயது நிரம்பாதவரை இந்த வேலையில் வைக்கவே கூடாது என்கிறது 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதி.

என் யோசனை, வயது இருக்கும்வரை இரண்டாவது வாசலையே தட்டுங்கள். இந்திய அணுமின் கழகம் ஸ்டைபென்டரி டிரெய்னி எடுக்கிறது. பிளஸ் டூ அறிவியல் பிரிவு படித்தவருக்கு ஆபரேட்டர், பத்தாம் வகுப்போடு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மெயின்டெய்னர்; கேட்கும் மதிப்பெண் 50 சதவீதம். டிப்ளமோ, பி.எஸ்ஸி. என்றால் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் வழி. அதற்கு 60 சதவீதம். ஃபில்டர் சாம்பிள் போகிற கெமிஸ்ட்ரி லேபுக்குள் நுழைய பி.எஸ்ஸி. வேதியியல் நேர்வழி. கல்பாக்கத்திலேயே உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இதே மாதிரி ஆள் எடுப்பதுண்டு. ஆபரேட்டர், மெயின்டெய்னர் ஆகிய டெக்னீஷியன் பணிகளுக்கான தேர்வின் முதல் கட்டம் ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி. தப்புக்கு மதிப்பெண் குறையும். வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் கணக்கில் தோற்பதில்லை, கேள்வியைப் புரிந்துகொள்ள நேரம் பிடிப்பதில்தான் தோற்கிறார்கள். பழைய பாடப்புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை இரவல் வாங்கி அறிவியல் சொற்களை மட்டுமாவது பழகுங்கள். உயரம் 160 சென்டிமீட்டர், எடை 45.5 கிலோ என்ற நிபந்தனையும் டெக்னீஷியன் அறிவிப்புகளில் வரும். படித்து முடித்த பிறகு அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஊர் தூரம்தான். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் கிண்டி, அங்கிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு, பிறகு பஸ் என்றால் தினம் போய்வர முடியாது. புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் பக்கம் அறை எடுத்துத் தங்குவதே வழி.

இந்த வேலைக்குப் போகாதவரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து ஏலத்தில் வந்த கருவியில் கோபால்ட்-60 இருந்தது. உடைத்தார்கள், ஒருவர் இறந்தார். வடசென்னையின் காயலான் கடைகளில், மூன்று இதழ் விசிறிச் சின்னம் போட்ட கனமான ஈயப் பெட்டியோ, பெயர் தெரியாத சிலிண்டரோ வந்தால் வெட்டாதீர்கள். விலகி நின்று காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

மறுபடி நிரந்தர வேலைக்கு வருவோம். வயது வரம்பு டெக்னீஷியனுக்குப் பொதுப் பிரிவில் 24, சயின்டிஃபிக் அசிஸ்டென்ட்டுக்கு 25. பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்றாண்டும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு ஐந்தாண்டும் சலுகை உண்டு. விவரங்கள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறலாம். ஆகவே அணுமின் கழகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தை மாதம் ஒரு முறை நீங்களே திறந்து பாருங்கள். தேர்வுக் கட்டணம் தவிர வேறு எவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.